வீட்டில் சிறிய மின்சார விறகு பிளக்கும் மெஷின்: முதல் நாளிலிருந்து ஆயில் மாற்றுவது வரை

என்னுடைய மெஷினைப் பழையதாகத்தான் வாங்கினேன். கையேடு கிடையாது. "பிளக்கைச் சொருகுங்க, லிவரை அழுத்துங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிக் கொடுத்தார் விற்றவர். நானும் அப்படியே செய்தேன். மூன்றாவது வாரம் பிஸ்டன் தண்டைச் சுற்றி ஆயில் வழிய ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்த மெக்கானிக் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "காத்துத் திருகைத் திறந்து வச்சுத்தானே ஓட்டுனீங்க?" அப்படி ஒரு திருகு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றிய செலவு, மெஷின் சும்மா கிடந்த நாட்கள், அப்புறம் நானே செய்து பார்த்துக் கெடுத்த இன்னும் சில விஷயங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. படுக்கை வாட்டத்தில் வேலை செய்யும், 4 முதல் 7 டன் வரை தள்ளும், வீட்டு கரண்டில் ஓடும் ஹைட்ராலிக் மெஷினைப் பற்றித்தான் சொல்கிறேன். ஆயிலின் அழுத்தத்தால் பிஸ்டன் தண்டு வெளியே வந்து, அசையாமல் நிற்கும் ஆப்பின் மேல் கட்டையைத் தள்ளிப் பிளக்கும் வகை இது. கனமான சக்கரத்தைச் சுழற்றி அடிக்கும் வகையும் உண்டு. அதில் ஹைட்ராலிக் ஆயில் இல்லாததால் 4, 9 ஆகிய படிகள் அதற்குப் பொருந்தாது.

1. முதலில் காகிதங்கள்

மெஷினைத் தொடுவதற்கு முன் அதன் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாடல் பெயர், வரிசை எண், தயாரித்த ஆண்டு, வோல்டேஜ், வாட், டன் எல்லாம் அதில் இருக்கும். ஓரிரு வருடத்தில் ஆயில் பட்டு எழுத்து அழிந்துவிடும். உதிரிபாகம் கேட்டு எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த எண்களைத்தான்.

அதே தகட்டில் 'எஸ்6 40%' என்று ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். நான் அதை ஏதோ மாடல் எண் என்றுதான் நினைத்திருந்தேன். பத்து நிமிடச் சுழற்சியில் 4 நிமிடம் சுமையோடும் 6 நிமிடம் சுமையில்லாமலும் மோட்டார் ஓடலாம் என்பது அதன் அர்த்தம். கட்டை எடுத்து வைப்பது, பிளந்ததை ஒதுக்குவது என்று சாதாரண வேகத்தில் வேலை செய்தால் இந்தக் கணக்கு தானாகவே சரியாக வரும். இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் வைக்க ஒருவர் பிளக்க என்று இடைவெளியில்லாமல் ஓட்டினால்தான் மோட்டார் சூடேறும். இரண்டு பேர் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. ஆறாவது படியில் வருகிறேன்.

சேர்த்து வைக்க வேண்டியவை: பில், வாரண்டி அட்டை, கையேடு, பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம். பழைய மெஷின் என்றால் மாடல் பெயரை வைத்து இணையத்தில் தேடினால் கையேடு பெரும்பாலும் கிடைத்துவிடும். ஒரே மெஷின் நான்கைந்து பிராண்டு பெயர்களில் வருவது சகஜம். உங்கள் பிராண்டின் கையேடு கிடைக்காவிட்டால், அச்சு அசல் அதே தோற்றம், அதே வாட், அதே டன் உள்ள வேறு பிராண்டின் கையேடு கைகொடுக்கும். ஆயில் அளவை மட்டும் கண்மூடித்தனமாக அதிலிருந்து எடுக்காதீர்கள்.

ஒரு பொறி: பம்ப் பக்கத்தில், மேலே பசையோ பெயிண்டோ வைத்து அடைத்த திருகு ஒன்று இருக்கும். அதுதான் அதிகபட்ச அழுத்தத்தை நிர்ணயிப்பது. தொழிற்சாலையில் சரிபார்த்து அடைத்து அனுப்புகிறார்கள். 'கொஞ்சம் முறுக்கினால் இன்னும் பலம் வரும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பசை உடைந்திருந்தால் வாரண்டி போச்சு. அதுகூடப் பரவாயில்லை, அளவுக்கு மீறிய அழுத்தத்தில் ஏதாவது வெடித்தால் எதிரே நிற்பது நீங்கள்தான்.

2. எங்கே வைப்பது

இந்தச் சிறிய மெஷின்கள் பெரும்பாலும் 40 முதல் 50 கிலோ இருக்கும். ஒரு முனையில் சிறிய சக்கரங்கள் இருப்பதால் தரையிலேயே வைத்து ஓட்டத் தோன்றும். நானும் ஒரு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். மெஷினுக்கு முன்னால் என் முதுகுதான் பழுதானது. 60 முதல் 75 செ.மீ. உயரத்தில், ஆடாத, மட்டமான மேசை போட்டு அதன் மேல் வையுங்கள். பல கையேடுகள் சொல்லும் உயரமும் இதுதான். மேசை மெஷினோடு கட்டையின் எடையையும் தாங்க வேண்டும். ஏற்றி இறக்க மட்டும் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

மழையிலும் ஈரத் தரையிலும் ஓட்டக் கூடாது. காலடியில் சிராய் சேரச் சேர ஒதுக்கிக்கொண்டே இருங்கள். பிளந்த துண்டு ஒன்றின் மேல் கால் உருண்டு மெஷின் மேலேயே சாய்ந்திருக்கிறேன்.

3. கரண்ட்: எக்ஸ்டென்ஷன் ஒயர்தான் எமன்

'மோட்டார் உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது' என்று புகார் வந்தால் மெஷினைச் சந்தேகிப்பதற்கு முன் ஒயரைப் பாருங்கள்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 1500 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் ஓடும்போது சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் அந்த ஒரு நொடியில் மட்டும் ஐந்தாறு மடங்கு, அதாவது 35 ஆம்பியர்கூட இழுக்கும். 25 மீட்டர் நீளத்துக்கு 0.75 சதுர மி.மீ. ஒயர் போட்டிருந்தால், போக வர 50 மீட்டர் செம்பின் தடை ஏறக்குறைய 1.2 ஓம். 35 ஆம்பியருக்கு 42 வோல்ட் ஒயரிலேயே தொலைந்துவிடும். மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 190 வோல்ட்டுக்கும் கீழே. உறுமாமல் என்ன செய்யும்? அதே நீளத்துக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 12 வோல்ட்டோடு நின்றுவிடும்.

ஆகவே, 10 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ., அதற்கு மேல் 2.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 வோல்ட் கரண்ட் உள்ள ஊர்களில் ஆம்பியர் இரு மடங்காகும் என்பதால் இன்னும் தடித்த ஒயர் வேண்டும். சுருளாகச் சுற்றியிருக்கும் ஒயரை முழுவதும் பிரித்துப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். சுருளிலேயே விட்டால் சூடேறி உறை உருகும். எர்த் உள்ள மூன்று முனை பிளக், 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே டிரிப் ஆகும் பாதுகாப்பு ஸ்விட்ச், இரண்டும் கட்டாயம். ஒயர் கட்டை விழும் பக்கம் போகாமல் உங்கள் முதுகுக்குப் பின்னால் போகட்டும்.

மோட்டார் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால் இரண்டு மூன்று நொடிக்குள் ஸ்விட்ச்சை விட்டுவிடுங்கள். 'இதோ கிளம்பிவிடும்' என்று பிடித்துக்கொண்டே நின்றால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகும்.

4. காற்றுத் திருகு: ஓட்டும் முன் திற, நகர்த்தும் முன் மூடு

பிஸ்டன் தண்டு வெளியே போகும்போது தொட்டியில் உள்ள ஆயில் சிலிண்டருக்குள் போகிறது. தொட்டியில் ஆயில் மட்டம் இறங்குகிறது. இறங்கிய அளவுக்கு வெளிக் காற்று உள்ளே வர வேண்டும். தண்டு திரும்பி வரும்போது ஆயில் தொட்டிக்குத் திரும்புகிறது, அந்தக் காற்று வெளியேற வேண்டும். மெஷின் மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூக்குதான் காற்றுத் திருகு.

அதை மூடியே வைத்து ஓட்டினால் உள்ளே அடைபட்ட காற்று ஒவ்வொரு தடவையும் விரிந்து, அப்புறம் அமுங்கி, மறுபடி விரிந்து, கடைசியில் சீல்களைத் தள்ளிவிடும். ஒரே நாளில் நடக்காது. அதுதான் ஏமாற்றுகிறது. என்னுடையது மூன்று வாரம் ஒன்றும் சொல்லாமல் ஓடியது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஓட்டுவதற்கு முன் அந்தத் திருகைச் சில சுற்றுகள் தளர்த்துங்கள். நான் மூன்று சுற்று தளர்த்துவேன். முழுவதும் கழற்ற வேண்டாம், அதிர்வில் எங்காவது விழுந்து தொலையும். பிறகு கட்டை எதுவும் வைக்காமல் இரண்டு தடவை தண்டைப் போய்வர விட்டு, திருகுக்கு அருகே விரலை நீட்டிப் பாருங்கள். காற்று உள்ளே போவதும் வெளியே வருவதும் விரலில் தெரியும். தெரியாவிட்டால் துவாரத்தில் மரத்தூள் அடைத்திருக்கும். கரண்டைப் பிடுங்கிவிட்டுத் துணியால் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

வேலை முடிந்து மெஷினை நகர்த்துவதற்கு முன் திருகை மூடுங்கள். மூடாமல் சாய்த்தால் ஆயில் அந்த வழியே ஒழுகும். தரையில் ஆயிலைப் பார்த்து 'சீல் போச்சு' என்று பயந்து மெஷினை மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மறுபடி நானேதான்.

மறக்காமலிருக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். சிவப்பு நூல் ஒன்றை பிளக்கில் கட்டியிருக்கிறேன். பிளக்கைச் சொருகக் கையில் எடுக்கும்போதும் நூல் கண்ணில் படும், பிடுங்கும்போதும் படும். இரண்டு தடவையும் கை தானாகத் திருகுக்குப் போகும்.

குளிர் நாட்களில் ஆயில் கெட்டியாக இருக்கும். கட்டை வைக்காமல் சில நிமிடம் மோட்டாரை ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கிக்கொண்டு பிறகு ஆரம்பியுங்கள். கடுங்குளிரில் 15 நிமிடம்கூட ஆகலாம்.

5. கட்டையைப் பார்ப்பது

டன் கணக்கைப் பார்த்து வாங்கிவிட்டு, 'என் மெஷினுக்குப் பலம் போதவில்லை' என்று சொல்பவர்கள் நிறைய. பாதிப் பேருக்குப் பலம் போதாமலில்லை, கட்டையைத் திருப்பி வைத்துப் பார்க்கவில்லை.

நீளம்: பெரும்பாலான சிறிய மெஷின்கள் 37 அல்லது 52 செ.மீ. வரைதான் ஏற்கும். உங்களுடையதன் எல்லைக்கு இரண்டு செ.மீ. குறைவாகவே அறுங்கள். விட்டம் 25 செ.மீ. வரை என்று கையேட்டில் இருக்கும். அது நேரான இழையுள்ள மரத்துக்கு. கணு நிறைந்த கட்டையில் 18 செ.மீ.கூடத் திணறும்.

இரண்டு முனைகளும் நேர்க்குத்தாக அறுபட்டிருக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சாய்வாக அறுத்த கட்டையைத் தண்டின் முனையிலுள்ள தள்ளு தட்டு தள்ளும்போது அது மேலே எழும்பும், இல்லையென்றால் பக்கவாட்டில் திமிறும். சாய்ந்த கட்டை ஆப்பில் கோணலாக ஏறித்தான் சிக்கும். அறுக்கும்போது செலவழிக்கும் ஐந்து நொடி இங்கே ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கும்.

அப்புறம் முனையில் உள்ள வெடிப்புகளைப் பாருங்கள். காய்ந்த கட்டையின் வெட்டு முகத்தில் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடும் கோடுகள் இருக்கும். மரம் எங்கே பிளக்கச் சம்மதிக்கிறது என்பதை அதுவே எழுதிக் காட்டியிருக்கிறது. அந்தக் கோடும் ஆப்பின் முனையும் ஒரே வாட்டத்தில் வரும்படி கட்டையை உருட்டி வையுங்கள். கணு இருந்தால் ஆப்பு கணுவின் நடுவே போகாமல் பக்கத்தில் ஒதுங்கிப் போகட்டும். பெரிய கட்டையை நடுவில் பிளக்கப் போராடாமல் ஓரங்களிலிருந்து பலகை பலகையாகச் சீவிக்கொண்டு வாருங்கள்.

பச்சையிலேயே பிளப்பதா, காய்ந்த பிறகா? பெரும்பாலான மரங்கள் பச்சையில் சுலபமாகப் பிளக்கும், பிளந்த பிறகு சீக்கிரம் காயவும் செய்யும். யூகலிப்டஸ் போல இழை பின்னிக்கொண்டிருக்கும் மரங்களைக் காயவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். அந்த மரம் கிடைத்தால் அறுத்த வாரமே பிளந்துவிடுவேன். பச்சையில் நார் இழுத்துக்கொண்டு முழுவதும் பிரியாத மரங்களும் உண்டு. அவற்றுக்குக் கைக்கோடாலி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். மெஷினை நிறுத்திவிட்டு, கட்டையை வெளியே எடுத்து அந்த நாரை வெட்டுங்கள்.

ஆணி, கம்பி இருக்கும் கட்டையை ஒதுக்கிவிடுங்கள். பழைய வேலிக் கம்பு, கட்டட மரம் எல்லாம் இந்த மெஷினுக்கு வேண்டாம்.

6. பிளப்பது: இரண்டு கை, ஒரு ஆள், ஐந்து நொடி

ஒரு கையில் ஸ்விட்ச், மறு கையில் லிவர். இரண்டையும் ஒருசேரப் பிடித்தால்தான் தண்டு நகரும். ஏதாவது ஒன்றை விட்டால் நின்றுவிடும். உங்கள் இரண்டு கைகளையும் ஆப்பிலிருந்து தள்ளி வைப்பதற்காகவே இப்படிச் செய்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் இந்த வகை மெஷின்களுக்கான இஎன் 609-1 என்ற பாதுகாப்புத் தரநிலையும் இப்படிப்பட்ட இருகைக் கட்டுப்பாட்டை எதிர்பார்க்கிறது. லிவரைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு ஒரு கையால் கட்டையைப் பிடித்துக்கொள்ளும் 'டெக்னிக்' பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி, நீங்கள் செய்யாதீர்கள். மெஷினுக்கு மரம் எது, விரல் எது என்று தெரியாது.

இதே காரணத்தால்தான் ஒருவர் மட்டும். லிவர் உங்களிடம், கட்டை இன்னொருவரிடம் என்றால் இருகைப் பாதுகாப்பு உங்கள் கைகளை மட்டுமே காக்கும். அவருடைய விரல்களை யார் காப்பது? பிள்ளைகளும் நாயும் பூனையும் சில மீட்டர் தள்ளியே இருக்கட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கனமான பூட்ஸ் இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். கையுறையின் மணிக்கட்டுப் பகுதி தொளதொளவென்று இருக்கக் கூடாது.

இப்போது முக்கியமான எண்: ஐந்து நொடி. தண்டு கட்டையைத் தள்ளி, ஆப்பு உள்ளே இறங்காமல் நின்றுவிட்டால், ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். தண்டு நகராதபோது பம்பு தள்ளும் ஆயில் போக இடமில்லாமல் பாதுகாப்பு வால்வு வழியாகத் திரும்பித் திரும்பி வரும். அந்தச் சக்தி முழுவதும் சூடாக மாறும். சூடான ஆயில் நீர்த்துப்போய்ப் பலம் குறையும், சீல் கெட்டியாகி வெடிக்கும். நின்றால் விடுங்கள், கட்டையை 90 பாகை திருப்புங்கள், மறுபடி முயலுங்கள். அதற்கும் மசியாவிட்டால் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். மூன்று முயற்சிக்குப் பிறகும் அசையாத கட்டைகளுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறேன். அவை ரம்பத்துக்கு.

ஒரே நேரத்தில் இரண்டு கட்டை வேண்டாம். மேலே இருப்பது துள்ளி முகத்துக்கு வரும்.

சில மெஷின்களில் தண்டு திரும்பும் தூரத்தைக் குறைத்து நிறுத்தும் வளையம் இருக்கும். குட்டைக் கட்டைகளே நிறைய என்றால் அதைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் சில நொடி மிச்சமாகும்.

7. கட்டை ஆப்பில் சிக்கிக்கொண்டால்

ஆப்பசைத்த குரங்கின் கதை நமக்கெல்லாம் தெரியும். பிளந்த மரத்தின் இடுக்கில் கையை விட்டு இழுக்கும் ஆசை இங்கேயும் வரும். கூடாது. சுத்தியலால் அடிப்பதும் கூடாது. அடிபடுவது கட்டை மட்டுமல்ல, தண்டும் அதன் அடிச்சட்டமும் சேர்ந்து வளையும்.

இரண்டு கைப்பிடிகளையும் விட்டுத் தண்டை முழுவதும் திரும்பி வரவிடுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு விறகுத் துண்டை ஆப்பு வடிவத்தில் சாய்வாகச் சீவி, சிக்கிய கட்டையின் அடியில் வையுங்கள். கையை எடுத்துவிட்டுப் பிளக்கைச் சொருகி மெஷினை ஓட்டுங்கள். தண்டு அந்த மரத்துண்டைத் தள்ளும், அது கட்டையை மேலே நெம்பும். ஒரு தடவையில் வராவிட்டால் இன்னும் செங்குத்தான சாய்வுள்ள துண்டை வைத்து மறுபடியும். இப்படிப்பட்ட மரத் துண்டுகள் இரண்டு மூன்றை முன்கூட்டியே சீவித் தயாராக வைத்திருங்கள். சிக்கிய பிறகு கோபத்தில் தேடினால் கிடைக்காது.

8. ஒவ்வொரு நாளும் முடித்த பிறகு

பிளக்கைப் பிடுங்குங்கள். தண்டு முழுவதும் உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பளபளப்பான தண்டில் துரு பிடித்தால் அந்தச் சொரசொரப்பு அடுத்த தடவை சீலை அறுத்துவிடும். மரத்தூளையும் பிசினையும் துணியால் துடையுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். தட்டு ஓடும் வழித்தடத்தில் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். அதிகம் பூசினால் தூள் ஒட்டிப் பசையாகும். காற்றுத் திருகை மூடுங்கள். இத்தனைக்கும் ஐந்து நிமிடம்தான்.

9. ஆயில் மாற்றுவது

எப்போது? பல கையேடுகள் 150 மணி நேரத்துக்கு ஒருமுறை என்கின்றன. சிலவற்றில் முதல் மாற்றம் 50 மணி நேரத்திலேயே. வாரம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் 150 மணி நேரம் ஆக ஒன்றரை வருடம் பிடிக்கும். மெஷினில் மணிக்கணக்குக் கருவி இருக்காது என்பதால், கொட்டகைச் சுவரில் ஒரு தாள் ஒட்டி ஒவ்வொரு நாளும் ஓடிய நேரத்தைப் பென்சிலால் எழுதுகிறேன். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் நன்றாகச் சூடு வாங்கியிருக்கிறது. இரண்டுக்கும் மணிக்கணக்குப் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டியதுதான்.

எந்த ஆயில்? ஹைட்ராலிக் ஆயில். சிறிய மெஷின்களுக்குப் பெரும்பாலும் ஐஎஸ்ஓ விஜி 22 அல்லது 32 (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும் எண்) சொல்வார்கள். உங்கள் கையேட்டில் என்ன எண்ணோ அதுதான். வீட்டில் மிச்சமிருக்கிறதே என்று என்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். பிரேக் ஆயில் பக்கமே போக வேண்டாம், அது ரப்பர் சீல்களை ஊதிப் பெருக்கவைத்துவிடும். அளவு மெஷினுக்கு மெஷின் மாறும், மூன்று லிட்டரை ஒட்டி இருக்கும். கையேட்டைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

செய்முறை:

அ. சிறிது நேரம் ஓட்டி ஆயிலை இளஞ்சூடாக்குங்கள். தண்டு முழுவதும் உள்ளே வந்து நின்ற பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். தண்டு வெளியே நீட்டிய நிலையில் ஆயில் நிரப்பினால், அது உள்ளே வரும்போது மிச்ச ஆயில் உங்கள் சட்டையில்தான்.

ஆ. டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் அளக்கும் குச்சி) பொருத்திய ஆயில் போல்ட்டைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். இந்தத் துடைப்பை விட்டுவிட்டால் மரத்தூள் நேராகத் தொட்டிக்குள் போகும். நான்கு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தின் மேல் மெஷினைச் சாய்த்து வடியவிடுங்கள். இங்கே இரண்டு பேர் வேண்டும். அவசரப்படாமல் கால் மணி நேரம் கொடுங்கள்.

இ. துவாரம் மேலே பார்க்கும்படி மெஷினைச் செங்குத்தாக நிறுத்துங்கள். சாயாதபடி யாராவது பிடித்துக்கொள்ளட்டும். கையேட்டில் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஊற்றுங்கள்.

ஈ. டிப்ஸ்டிக்கைத் துடைத்து, செங்குத்தான நிலையிலேயே விட்டு எடுத்துப் பாருங்கள். குச்சியில் இரண்டு கோடு இருக்கும். ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். படுக்க வைத்து அளந்தால் தப்பாகக் காட்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சரிசெய்யுங்கள்.

உ. போல்ட்டின் வாஷரைப் பாருங்கள், நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். உடல் அலுமினியம் என்றால் வெறிகொண்டு முறுக்காதீர்கள், மரை போய்விடும்.

ஊ. மெஷினைப் படுக்க வைத்து, காற்றுத் திருகைத் திறந்து, கட்டையில்லாமல் ஏழெட்டுத் தடவை ஓட்டுங்கள். முதலில் தண்டு விட்டுவிட்டு நகரும், காற்று வெளியேறியதும் சீராகிவிடும். பிளக்கைப் பிடுங்கி, திருகை மூடி, நிமிர்த்தி இன்னொரு தடவை அளவு பாருங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். டப்பாவில் பிடித்து, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

முதல் தடவை எனக்கு அரைநாள் ஆனது. இப்போது ஒரு மணி நேரத்தில் முடிகிறது.

10. ஆப்பைத் தீட்டுவது

ஆப்பு கத்தியைப் போலக் கூராக இருக்க வேண்டியதில்லை. மரத்தை அறுப்பது அதன் வேலையல்ல, விரிப்பதுதான். விரலில் தட்டும் பிசிறையும் நசுங்கிய இடத்தையும் மெல்லிய அரத்தால் தேய்த்துச் சமமாக்கினால் போதும். கிரைண்டர் வைத்துத் தீட்டினால் சூட்டில் உருக்கின் பதம் போய்விடும். வருடத்தில் இரண்டு தடவை, பத்து நிமிட வேலை.

11. நோயும் குறியும்

தண்டு குலுங்கிக் குலுங்கி, அதிர்ந்து போகிறது: ஆயில் குறைவு அல்லது உள்ளே காற்று. அளவு பாருங்கள், ஊற்றுங்கள், கட்டையில்லாமல் ஓட்டுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, தண்டு நகரவில்லை: லிவருக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள இணைப்பு வளைந்திருக்கலாம். ஆயில் சுத்தமாகத் தீர்ந்திருக்கவும் கூடும்.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை: ஒயர், வோல்டேஜ், கெப்பாசிட்டர் (மோட்டார் கிளம்ப உதவும் மின்பாகம்) என்ற வரிசையில் பாருங்கள். கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

நடுவேலையில் மோட்டார் தானாக நின்றுவிட்டது: சூடு தாங்காமல் பாதுகாப்பு வெட்டியிருக்கும். ஆறவிடுங்கள். ஆறியதும் கிளம்பினால், பெரும்பாலும் ஐந்து நொடி விதியை மீறியிருப்பீர்கள், இல்லையென்றால் இடைவெளியில்லாமல் ஓட்டியிருப்பீர்கள்.

ஆயில் கசிகிறது: முதலில் காற்றுத் திருகு, அடுத்தது ஆயில் போல்ட். இரண்டும் சரியாக இருந்தால்தான் சீலைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும் மெஷினில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். உள்ளே அழுத்தம் 150 முதல் 200 பார் வரை, அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல 150, 200 மடங்கு வரை போகும். ஊசித் துவாரத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டையைக் காட்டுங்கள், கசிவு இருந்தால் அட்டையில் கறை விழும். தப்பித் தவறித் தோலுக்குள் ஆயில் போய்விட்டால், எறும்பு கடித்த அளவுக்குத்தான் புள்ளி தெரிந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய் 'அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விட்டது' என்று சொல்லுங்கள். வலிக்கவில்லையே என்று காத்திருந்து விரலை இழந்தவர்கள் உண்டு.

12. செலவும் நேரமும்

கரண்ட் செலவு பெரிதில்லை. 1500 வாட் மோட்டார் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். நடைமுறையில் அதற்கும் குறைவுதான். தண்டு போய்த் திரும்ப 15 முதல் 20 நொடி ஆகும். ஆனால் எடுத்து வைத்து, திருப்பி வைத்து என்று பார்த்தால் நிமிடத்துக்கு ஒரு கட்டை என்று கணக்குப் போடுங்கள், ஏமாற மாட்டீர்கள்.

பராமரிப்பில் மலிவானது வாஷரும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும். அடுத்து ஆயில், கெப்பாசிட்டர். சீல் செட்டின் விலை பயமுறுத்தாது, அதைப் பிரித்துப் பூட்டும் கூலிதான் பயமுறுத்தும். மோட்டார் காயில் கட்டும் நிலை வந்தால், கட்டுவதற்கு முன் புது மெஷின் விலையை விசாரியுங்கள். பல நேரம் இரண்டும் அருகருகே நிற்கும். எனக்குச் சீல் மாற்றுவதில் அதிக நாள் தின்றது வேலை அல்ல, சரியான அளவு சீல் தேடியதுதான். பாகப் படத்தில் உள்ள எண் கையில் இருந்திருந்தால் ஒரே போனில் முடிந்திருக்கும். இப்போது ஒரு சீல் செட், இரண்டு வாஷர், ஒரு லிட்டர் ஆயில் எப்போதும் கொட்டகையில் இருக்கிறது.

காயும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். பிளந்த விறகு அடுப்புக்குப் போகும் முன் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். மரத்தையும் காற்றையும் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரைகூட ஆகும். பிளந்த துண்டு 8 முதல் 15 செ.மீ. தடிமனில் இருந்தால் சீக்கிரம் காயும். தரையில் படாமல் கீழே இரண்டு கம்பு போட்டு, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட்டு அடுக்குங்கள்.

13. நீண்ட நாள் ஓட்டாமல் வைப்பதென்றால்

தண்டு உள்ளே, காற்றுத் திருகு மூடி, ஆப்பிலும் வழித்தடத்திலும் மெல்லிய ஆயில் பூசி, காய்ந்த இடத்தில், துணி உறை போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றினால் உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைப்பேன். மறுபடி எடுக்கும் நாளில் முதலில் பார்ப்பது அந்த அட்டையைத்தான். கறை இல்லையென்றால் டிப்ஸ்டிக்கை மட்டும் பார்த்துவிட்டு, திருகைத் திறந்து, ஓட்ட வேண்டியதுதான்.